சூடம் அடித்துக் கொடுத்த குரல்

என் மகளுக்கு ஏஜெண்டு இருந்தார், அதுவும் ஒருவரில்லை இருவர் என்று சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஏஜெண்டா? ஆமாம் ஐயா, இருந்தார்கள். முதல் ஆளை விட்டுவிட்டு இரண்டாவது ஆளிடம் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில், ஆலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை எனக்கு. மனைவி மலையில் கொழுந்து பறித்தாள். எங்களுக்கு ஒரே பெண். ஏழு வயதிலேயே அவள் பாடினால் மேல் லயத்துப் பாட்டு கீழ் லயத்தில் கேட்கும். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு அம்மா சன்னலைத் திறந்துவைத்துக் கேட்பார். இந்தக் குச்சி உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தம் எங்கே கிடக்கிறது என்று நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

முதல் ஏஜெண்டு மலையடிவாரத்துத் தாப்பா ஊர்க்காரர். மைக் செட் வாடகைக்கு விடுபவர். தோட்டத்துத் திருவிழாக்களுக்கு மைக் செட்டோடு பாட்டுக்காரர்களையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வருவார். எங்கள் கோயில் திருவிழாவில் என் மகள் பாடியதைக் கேட்டவர், மறுநாள் காலையில் லயத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பிள்ளைய எங்கிட்ட விடுங்க. ஈப்போ வரைக்கும் மேடை ஏத்திக் காட்டறேன். ஆனா நாளைக்கு வேற எவனாச்சும் வந்து கூப்பிட்டா அந்தப் பக்கம் ஓடிரக் கூடாது லா."

தாளில் கையெழுத்துக் கேட்டிருந்தால் பயந்துபோய், வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மனுசன் கெட்டிக்காரர், தாளைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூடத்தை ஏற்றி, "உங்க வார்த்தை இல்லாம எம்பிள்ளை யாருக்கும் பாடாது" என்று அவர் சொல்லச் சொல்ல நானும் சொல்லி, நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். பக்கத்தில் என் மகள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருசம் அவரோடு போனோம். போய் என்ன கண்டோம்? ஜெனரேட்டர் நின்றுபோனால், பாட்டுக்காரர் வரத் தாமதமானால், கூட்டம் கத்த ஆரம்பித்தால், "பாப்பாவ ஏத்து" என்பார். அதே மூன்று பாட்டுகள்தான். பனியில் பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டு வருவாள். ஒரு வாத்தியாரிடம் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைக்கு என்னா சங்கீதம்?" என்று சிரித்தார்.

அப்போதுதான் ஈப்போக்காரர் வந்தார். சொந்தமாக இசைக்குழு வைத்திருந்தவர். பிரிஞ்சாங் ஊரில் நடந்த திருமணம் ஒன்றில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். சனி ஞாயிறுகளில் ஈப்போவில் முறையாகப் பாட்டுப் படிக்கலாம், ஆறு மாதத்தில் கோலாலம்பூர் வானொலியில் சிறுவர் நிகழ்ச்சிக்குப் பாடலாம், எல்லாம் தன் பொறுப்பு என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து அடுத்த வீட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். "இதுக்குள்ள நான் வருவேன்ல அம்மா?" என்று கேட்பாள். ஒன்பது வயது அவளுக்கு. உலகத்தில் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"பழைய ஆளுகிட்ட ஏதும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" என்று ஈப்போக்காரர் கேட்டார்.

"இல்லைங்க சார். சூடம் அடிச்சேன்."

சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டு அவர் பின்னாலேயே போயிருப்பேன். அவரும் நம்ம ஆள்தானே, முகம் மாறிவிட்டது. "அப்ப அத முடிச்சிட்டு வாங்க. சாமி விவகாரம், எனக்கும் பயம்தான். ஆனா சீக்கிரம் வாங்க. சிறுவர் நிகழ்ச்சிக்கு வயசு தாண்டிரும்" என்றார்.

பூசாரியிடம் போய்க் கேட்டேன். சத்தியம் வாங்கினவனே வந்து, அதே இடத்தில் சூடம் ஏற்றி, பிள்ளை நெற்றியில் திருநீறு வைத்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும்? "அதுவரைக்கும் பிள்ளை வாயை மூடிக்கிட்டு இருக்கிறது நல்லது." சத்தியம் மீறிய ஒரு கங்காணிக்கு வாய் கோணிப்போனதை எங்கள் லயமே பார்த்திருந்தது. என் பிள்ளைக்கு அப்படி ஆனால்? அவளுடைய குரலே போய்விட்டால்? குரலைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் செய்தேன், பாவி.

திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லோரியில் தொற்றிக்கொண்டு தாப்பாவுக்குப் போனேன். பழைய ஏஜெண்டு கோபப்படவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"அதுக்கென்னா தம்பி, திருவிழாவுக்கு மலைக்கு வருவேன்ல, சாமி முன்னாடியே பேசி முடிச்சிருவோம்."

திருவிழாவுக்கு மைக் செட் வந்தது, வேலைக்காரர்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. மறுபடி போனேன். "அடுத்த மாசம்" என்றார். மூன்றாவது தடவை, அவர் கோலக்கங்சாருக்குப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, பழையபடி மேடைக்கும் கூப்பிடவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஊரில் எல்லாரிடமும் எரிந்து விழுகிற நான், அந்த ஆள் முன்னால் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். கங்காணி முன்னால் கைகட்டி நின்று பழகிய உடம்பு. ஒருவர் கீழ் இருந்து இன்னொருவர் கீழ் போவதென்றால் முதல் ஆள் தலையாட்ட வேண்டும். என் அப்பன் அப்படி இருந்தார், நானும் அப்படியே இருந்தேன்.

இங்கே வீட்டில் பிள்ளையைப் பூட்டிவைத்தேன். உடம்பை இல்லை, வாயை. பள்ளிக்கூட விழாவில் பாட ஆசிரியை கேட்டு அனுப்பினார், முடியாது என்று சொல்லியனுப்பினேன்.

"ஸ்கூல்ல தேசிய கீதம் பாடலாமாப்பா?" என்று அவளே வந்து கேட்டாள்.

உட்கார்ந்து யோசித்தேன், பெரிய நீதிபதி மாதிரி. "அது கவர்மெண்டுப் பாட்டு. அதப் பாடலாம்" என்றேன்.

"சாமி பாட்டு?"

"கூடாது."

ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறாள். லயம் முழுக்கக் கேட்கிறது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிறார்கள். ஓடிப் போய் ஓங்கி ஓர் அறை விட்டேன். பாத்திரம் உருண்டது. அழக்கூட இல்லை, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"பச்சப் பிள்ளைய அடிக்கிற கைக்கு, அந்தத் தாப்பாக்காரன அடிக்கத் தெம்பில்ல" என்றாள் என் மனைவி. நான்கு பேர் முன்னால் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

ஈப்போக்காரர் ஒரு வருசத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கடிதம் வந்தது. வேறு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாராம், மன்னிக்க வேண்டுமாம். அதை மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டு, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அடுத்த வீட்டு ரேடியோ பக்கம் அவள் போகவில்லை.

பழைய ஏஜெண்டு கடைசியில் வந்தார். எங்களுக்காக அல்ல. கோயில் கும்பாபிஷேகத்துக்கு மைக் செட் பேச வந்தவர், என்னைப் பார்த்ததும், "பாப்பா எங்க பாடுது இப்ப? ஈப்போவா?" என்று விசாரித்தார். நீங்கள் வந்து விட்டுக்கொடுக்காமல் எப்படிப் பாடும் என்று கேட்டேன்.

"அட, அதுக்காவா நிறுத்தி வச்சீங்க? இவ்வளவு நாளா? ஒரு பேச்சுக்குச் சொன்னதுலா தம்பி. மேடை ஏறுற பிள்ளைங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதான். பாதிப் பேரு மறு வாரமே ஓடிருவாங்க."

கோயிலுக்கு வந்தார். சூடம் ஏற்றினார். மகளைக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு வைத்து, "நல்லாப் பாடும்மா" என்று தலையைத் தட்டிவிட்டு, கோயில் கமிட்டியோடு பேசப் போய்விட்டார். மொத்தமே ஐந்து நிமிசம் ஆகியிருக்காது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளை எதிரே உட்காரவைத்தேன். மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

"இனிமே பயமில்ல. பாடும்மா. உனக்குப் பிடிச்சது எதுனாலும் பாடு."

மறுக்கவில்லை. என் மகள் எதையும் மறுக்கிற பிள்ளை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பாடினாள். நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனேன். மூச்சுக் காற்றோடு ஒரு முனகல் வந்தது. ராகம் சரியாக இருந்தது, சொற்கள் சரியாக இருந்தன. வீட்டுச் சுவரைத் தாண்டாத, கதவோரம் நின்ற தாய்க்குக்கூடக் கேட்காத பாட்டு.

"இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடும்மா" என்றேன்.

அவள் பாட்டை நிறுத்தினாள். நான் என்ன கேட்கிறேன் என்று புரியாதவள் போல என் முகத்தையே பார்த்தாள்.

"சத்தமாத்தான்ப்பா பாடுறேன்" என்றாள்.