அத்தான் காதில் வைத்துப் பார்க்காத ஹெட்போன்

அக்காவின் கணவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தொடங்கிவிடுவார் என்ற பயம்தான். தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கு அவர் வரும் நாள்களில் இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு, அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். அந்தக் கருத்துக்கு எதிராக யாராவது வாயைத் திறந்தால் ஒரு சிரிப்பு சிரிப்பார். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுக்கிறவள் நான். விடை தெரியாத பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பொங்கலுக்கு அவர் அப்பாவுக்கு வயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வாங்கி வந்திருந்தார்.

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்த என் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டு, மத்தியான நேரமெல்லாம் அதில் உட்கார்ந்திருப்பார். சும்மா ஓட்டுவதில்லை. சரக்கு ஏற்றி இறக்கி, சொந்த லாரிகள் சேர்த்து, ஷெட் கட்டி, டிரைவர்களை வேலைக்கு வைத்து, அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு லாரி கம்பெனியே நடத்திக்கொண்டிருந்தார். என்ஜின் சத்தத்தை வைத்துத்தான் கியர் மாற்றுவார். திரையில் ஓடும் எண்களைப் பார்க்கவே மாட்டார்.

அவருடைய பழைய ஹெட்போனில் காதுப் பஞ்சு உரிந்து கறுப்புப் பொடியாகச் சட்டையில் கொட்டிக்கொண்டிருந்தது. புதியது வந்ததில் அப்பாவுக்குச் சந்தோஷம்தான். நான் டவுனுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. அப்பா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா என்னைக் கண்டதும் அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏட்டி, அப்பாக்குக் காது போயிருச்சாம். மாப்பிள்ளை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்லுதாரு.”

அந்த டெஸ்ட் இப்படி நடந்திருக்கிறது. அத்தான் புதிய ஹெட்போனை அப்பாவுக்கு மாட்டிவிட்டு ஒரு பாட்டைப் போட்டிருக்கிறார். கேட்கிறது என்றார் அப்பா. அடுத்து லாரி விளையாட்டைத் திறந்திருக்கிறார். கேட்கவில்லை என்றார் அப்பா. சத்தத்தை முழுவதும் கூட்டியும் கேட்கவில்லை. உடனே அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஹெட்போன் புதியது, கம்ப்யூட்டரில் பாட்டு ஓடுகிறது, அப்படியானால் மிச்சம் இருப்பது காதுதான்.

“பாட்டு அதே காதுலதான கேட்டுச்சு அத்தான்?” என்றேன்.

“அது வேற ஃபிரீக்வன்சி. என்ஜின் சத்தம் அடிக்குரல். வயசானவங்களுக்கு மொதல்ல அதுதான் போகும். மில்லுல இருந்தவர் வேற. உனக்குச் சொன்னா புரியாது.”

“நீங்க மாட்டிப் பாத்தியளா?”

அக்காதான் மெல்ல, “அப்பா தலையில எண்ணெய் தேச்சிருக்காருல்ல” என்றாள்.

அதாவது, மாமனாரின் தலை எண்ணெய் பட்ட ஹெட்போனைத் தன் தலையில் வைக்க அவருக்குக் கூச்சம். அதற்குப் பதிலாக ஒரு மனிதரைச் செவிடர் என்று சொல்வதில் ஒரு கூச்சமும் இல்லை. நான் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டினேன். திரையில் லாரி உறுமிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை.

“எனக்கும் கேக்கல. எனக்கும் காது போச்சா அத்தான்?”

வேறொருவர் என்றால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார். அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “அப்போ ரெண்டு பிராப்ளம். சவுண்ட் டிரைவரும் கரப்ட் ஆகியிருக்கு” என்றார். காதுப் பிரச்சினையை அவர் வாபஸ் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது. அதற்குள் அம்பாசமுத்திரத்து மாமா, வீரவநல்லூர்ச் சித்தி எல்லோருக்கும் போன் போய்விட்டது. பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் நேரமும் வாங்கியாகிவிட்டது.

அப்பா என்னைப் பார்த்து, “நெசமாவே உனக்கும் கேக்கலியாட்டி?” என்றார். மூன்று தடவை கேட்டார். மகள் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அன்று இரண்டு மணி நேரம் அந்த மனிதர் தன்னைச் செவிடன் என்று நம்பி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து அத்தான் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டார். எதையோ அழித்தார், எதையோ இறக்கினார், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஹெட்போனை மாட்டிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். கடைசியில், “கேமையே மொத்தமா எடுத்துட்டுப் புதுசாப் போடணும். உள்ள பூரா குப்பை” என்றார்.

“அப்பாவோட லாரியெல்லாம் அதுலதான இருக்கு. பைய பாத்துச் செய்யுங்க.”

“எனக்குத் தெரியாதா?” என்றார்.

தெரியவில்லை. விளையாட்டை நீக்கிய கையோடு, அப்பாவின் லாரிக் கணக்கெல்லாம் பதிந்திருந்த ஃபோல்டரையும் சேர்த்து அழித்திருந்தார். திரும்பப் போட்டு முடித்ததும் திரை அப்பாவை வரவேற்று, உங்கள் கம்பெனிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டது.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “என் வண்டியெல்லாம் எங்கன?”

“கேம்தான மாமா, திரும்ப ஆடிக்கலாம்” என்றார் அத்தான். அவரே ஏதோ ஒரு பெயரைத் தட்டி லாரியைக் கிளப்பினார். அப்போதும் சத்தம் வரவில்லை. பெங்களூரில் யாரையோ கேட்பதாகச் சொல்லி, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

கம்ப்யூட்டரின் வயர்களையாவது ஒழுங்காகச் சொருகியிருக்கிறாரா என்று பார்க்க நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். பழைய ஹெட்போன் மேசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தன் வயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து டுர்ர்ர் என்று ஒரு லாரி நின்ற இடத்தில் உறுமுவது கேட்டது. பழையதைக் கழற்றாமலேயே புதியதை இணைத்திருக்கிறார். பாட்டு புதியதற்குப் போகிறது. லாரி மட்டும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது.

சத்தத்துக்கான அமைப்பைத் திறந்து பார்த்தேன். ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் சத்தம் எங்கே போக வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லிவைக்க அதில் இடம் இருந்தது. லாரி விளையாட்டுக்கு நேராகப் பழைய ஹெட்போனின் பெயர் நின்றது. அதை எடுத்துவிட்டுப் புதியதன் பெயரை வைத்தேன். அவ்வளவுதான், லாரி புதியதில் உறுமியது.

பழையதன் பெயரை அங்கே வைத்தது யார் என்று உடனே நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு வந்திருந்தபோது, அம்மா அதே கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் முருகன் பாட்டுக் கேட்கும்போதே அப்பா ஹெட்போனில் லாரி ஓட்டலாம் என்று அத்தான்தான் பெருமையாகச் செய்து காட்டினார். தான் போட்ட முடிச்சு அவருக்கே நினைவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தவரிடம் சொன்னேன். “ஆமா, அதைத்தான் அடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன்” என்றார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. அப்படி ஒரு தோல் கிடைக்க என்ன தவம் செய்ய வேண்டுமோ.

மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா புதிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய லாரியைக் கூலிக்கு ஓட்டுகிற முதல் வேலையை ஏற்றுக்கொண்டார். டாக்டரிடம் மட்டும் வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் போன செய்தியைத் திருப்பி வாங்க முடியவில்லை. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவின் தம்பி, அம்பாசமுத்திரத்து மாமா, அப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோய், “அத்தான், சாம்பார் வேணுமா?” என்று மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

“மெதுவாச் சொல்லும்வே. நல்லாத்தான் கேக்கு” என்றார் அப்பா.

மாமாவுக்கு ஒரே ஆச்சரியம். எதிர்ப்பந்தியில் இருந்த அக்கா கணவரைப் பார்த்து, “மாப்பிள்ளை, சரியாயிட்டுல்லா!” என்றார்.

“நான்தான் இருந்து எல்லாம் பாத்தேன் மாமா” என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. சுற்றியிருந்தவர்கள் இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று பேசத் தொடங்கினார்கள். அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாயசம் வருவதற்கு முன்பே நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.