சகலை வண்டியின் ஜெட் நம்பர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எண்ணெய் மட்டம் பார்த்தது. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை வளைத்து எண்ணெய் ஊற்றி, இரு முனைகளையும் மோட்டார் சைக்கிளின் இரண்டு கார்புரேட்டர்களில் செருகியிருந்தோம். அதிகம் உறிஞ்சும் பக்கம் எண்ணெய் ஏறும்; இரண்டும் சமமாக உறிஞ்சினால்தான் வண்டி நின்ற இடத்தில் இருமாமல் ஓடும். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் திருகைத் திருப்பினார். இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கினார். கரும்புகை.

"அவன் வண்டி புகை விடல," என்றார்.

அவன் என்றால் சித்தப்பா. அம்மாவின் தங்கை கணவர், அப்பாவுக்குச் சகலை. அச்சகம் நடத்துகிறார். இருவரிடமும் ஒரே வண்டி. ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு மாட்டியது முதலில் சித்தப்பா. அடுத்த மாதமே அப்பாவும்.

அப்பா தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஓட்டினார். சித்தப்பா வீடு கட்டியபோது லீவு போட்டு, கூட நின்று வேலை பார்த்தவர். அந்த வீட்டின்மேல் அவருக்குப் பொறாமை இல்லை. ஆனால் சித்தப்பாவின் வண்டி மேம்பாலம் ஏறும் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் கை நின்றுவிடும்.

"வண்டில எரியறதைவிட உங்க வயித்துலதான் அதிகமா எரியுது," என்றாள் அம்மா.

"நீ உன் தங்கச்சி கட்சி. பேசாதே."

நான் கேட்டேன்: "என்ன ஜெட் போட்டிருக்கீங்க?"

"தொண்ணூத்தெட்டு. அவனும் அதான்."

"சித்தப்பா சொன்னாரா?"

"அவனாவது, சொல்றதாவது! கழட்டித் தொடைச்சுக்கிட்டிருந்தான். பேப்பர் படிக்கிற மாதிரி எட்டிப் பார்த்தேன்."

"எங்க உக்காந்து?"

"எதிர்ல."

ஜெட் என்பது பெட்ரோல் வரும் ஓட்டையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. எண் பெரிதானால் ஓட்டை பெரிது. பெட்ரோல் அதிகமானால் புகை. சாக்பீஸால் தரையில் 86 என்று எழுதி, அவரை மறுபக்கம் வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார். 98.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "திருட்டுத்தனமாப் பார்த்ததுதான் பார்த்தீங்க, நேரா நின்னு பார்க்கக் கூடாதா?"

எண்பத்தாறு கடையில் கிடைக்காது. சித்தப்பாவிடம் உபரியாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நானே போறேன். ரெண்டு எண்பத்தாறு இருக்கான்னு மட்டும் கேப்பேன். ஏன், எதுக்குன்னு வாயத் திறக்க மாட்டேன்."

"கேட்டாலே தெரிஞ்சுடும்ப்பா."

"தெரிஞ்சா தெரியட்டும்." வேப்பெண்ணெய் குடித்த முகம்.

வெள்ளிக்கிழமை, பம்ப் அறையில், நாற்காலியிலேயே போய்விட்டார். இதயம்.

காரியங்களையெல்லாம் சித்தப்பாதான் பார்த்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு வண்டியருகே குந்தி, கார்புரேட்டர்களுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தார்.

"நின்ன இடத்துல ஸ்டார்ட் பண்ணி விட்டா அண்ணன் வண்டி கடிகாரம் மாதிரி ஓடும். என்னோடது இருமும். எப்படித்தான் செஞ்சாரோ! எனக்கு அதுல தீராத வயித்தெரிச்சல்மா."

"அப்பாகிட்ட கேட்டிருக்கலாமே?"

"யாரு, நானா? அவர்கிட்டயா?"

எனக்கு என் காதின்மேலேயே பொறாமையாக இருந்தது. இது அப்பா காதில் விழுந்திருக்க வேண்டிய வார்த்தை. என் காதில் விழுந்தது.

சித்தப்பா எழுந்து கையைத் துடைத்தார். "ஏதாவது வேணும்னா கேளும்மா."

தலையாட்டினேன். ரெண்டு எண்பத்தாறு இருக்கான்னு நான் இன்னும் கேட்கவில்லை. அப்பா தானே போய்க் கேட்பதாகச் சொல்லியிருந்தார்.