பையின் மூலையில் ஒரு கிழிசல்

பினாங்குத் தீவின் கெலுகோரில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு சிறிய தையல் கடை இருக்கிறது. லாரிக் கித்தான், பாசார் மாலாம் இரவுச் சந்தைக்காரர்களின் கூடாரம், மோட்டார் சீட், சோபா உறை எல்லாம் தைப்பேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பேச்சும் எனக்குக் குறைவு. வருகிறவர் சொல்வதற்குத் தலையாட்டுவேன், திருப்பி ஒன்றும் கேட்க மாட்டேன். அந்தப் பழக்கத்தால், ஓர் அக்காவிடம் மிச்சம் இருந்த அவருடைய அப்பாவின் கைவேலையை நான் வெட்டி எடுத்துவிட்டேன்.

ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் பழைய பட்டாளத்துச் சாமான் சேர்ப்பவர். தண்ணீர்ப் புட்டி உறை, தோட்டாப் பை, முதுகுப் பை என்று எங்கிருந்தோ வாங்கி வருவார். சாப்பிட வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கடைச் சுவரில் கண்ணாடி அலமாரி அடித்திருக்கிறார். கித்தான் வேலை செய்கிறவன் என்று யாரோ சொல்லி என்னிடம் வந்தார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

அந்தச் சாமான்கள் நசுங்கி, கருவாடு போல விறைத்து வரும். பழைய பல் பிரஷ்ஷால் தூசியை எடுத்து, சோப்புப் போடாமல் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் தொங்கவிடுவேன். பாதி ஈரம் இருக்கும்போதே உள்ளே துணியைத் திணித்து, மூலைகளை விரலால் தள்ளித் தள்ளிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். காயவிட்டால் மடிப்பு போகாது. ஈரம் அதிகமாக இருந்தால் பை தொங்கிப்போகும். அதனால் கடையை மூடிவிட்டும் போக முடியாது. பகல் முழுக்க லாரிக் கித்தானை இழுத்த விரல்கள், சாயங்காலம் ஒரு செத்துப்போன பையின் மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

போன வருடம் பாய் ஒரு முதுகுப் பையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "ஒரு அக்கா குடுத்தாங்க அண்ணே. அலமாரியில நடுவுல வைக்கணும். பாத்து செஞ்சிருங்க." அவருக்குக் கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே காடியில் ஏறிப் போய்விட்டார்.

பையின் கீழ் மூலையில் ஒரு கிழிசல். யாரோ அதைத் தூண்டில் போடும் நைலான் நூலால் கோணல்மாணலாக இழுத்துத் தைத்திருந்தார்கள். துணி சுருங்கி, மூலை உள்ளே போயிருந்தது. நான் வேலை பழகிய குஷன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் மோசமாகத் தைத்ததன்மேல் தைக்கக் கூடாது. முதலில் முழுதும் பிரித்துவிட வேண்டும். முப்பது வருடமாக என் கை அதைத்தான் செய்கிறது. பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலையும் நடுவில் அறுத்தேன். உள்ளே ஒட்டுத்துணி வைத்தேன். நூலைப் பால் விடாத தே ஓ தேநீரில் முக்கி நிறம் ஏற்றி, கிழிசல் இருந்த இடமே தெரியாமல் மூடினேன். எழுந்தபோது இடுப்பு நிமிரவில்லை. ஆனாலும் அன்றைக்கு மனதுக்குள் கொஞ்சம் பெருமை.

இரண்டு நாள் கழித்துப் பாய் வந்தார். பையைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, இங்க இருந்த தையல் எங்க?"

"பிரிச்சிட்டேன் பாய்."

"அத மட்டும் தொட வேணாம்னு அக்கா சொன்னாங்களே. அவங்க அப்பா தைச்சதாம். நான் சொன்னேன்ல?"

"இல்ல பாய்."

"சொல்லலையா?" தலையில் கை வைத்தார். "செத்தேன் லா. சனிக்கிழமை அவங்க பாக்க வர்றாங்க."

 பாய் குரலைத் தாழ்த்தினார். "பழைய ஓட்டை இருக்குல்ல? அதே மாதிரி நைலான் வாங்கி, அதே ஓட்டையில தைச்சிருங்க. அக்காவுக்குக் கண்ணு மங்கல். யாருக்குத் தெரியப்போவுது?"

தலையாட்டினேன்.

அவர் போன பிறகு குப்பை டின்னைக் கவிழ்த்தேன். நூல்குப்பை, பஞ்சு, உடைந்த ஊசிகளுக்கு நடுவே பழுத்த மஞ்சள் நிறத்தில் பதினோரு துண்டுகள் கிடைத்தன. எதுவும் விரல் நகத்தைவிட நீளம் இல்லை. அவற்றை ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்தேன்.

மறுநாள் நைலான் வாங்கி வந்து, என் தையலைப் பிரித்து, ஒட்டுத்துணியை எடுத்துவிட்டு, அக்காவின் அப்பா போட்ட ஓட்டைகளிலேயே ஊசியை விட்டேன். மூன்று தையல் போட்டேன். கித்தான் சுருங்கவே இல்லை. நூல் ஒரே இறுக்கத்தில், அழகாகப் படிந்தது. பிரித்துவிட்டு வேண்டுமென்றே கெடுத்துத் தைத்துப் பார்த்தேன். அது குடிகாரன் போல நடிக்கிறவனின் நடையாக இருந்தது. எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. அதையும் பிரித்தேன். அப்போது எனக்கு வந்தது வருத்தம்கூட இல்லை, அலுப்பு. தையல், பிரிப்பு, தையல், பிரிப்பு. இதற்கு, வாயைத் திறந்து சொல்வதே மேல் என்று தோன்றியது.

சனிக்கிழமை பாயோடு அக்கா என் கடைக்கு வந்தார். எழுபதை ஒட்டிய வயது, கையில் குடை. பாய் எனக்கு முன்னால் பேச ஆரம்பித்தார். "பசியாறிட்டீங்களாக்கா? பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு..." நான் மூடியை எடுத்து அக்கா முன் வைத்தேன்.

"உங்கப்பா தையலை நான் அறுத்துட்டேங்க்கா. இதான் மிச்சம்."

பாய் வெளியே ரோட்டைப் பார்த்தார். அக்கா மூடியை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க வேணாமா தம்பி? வாய் இருக்குல்ல?"

"இருக்குங்க்கா."

"இப்ப மட்டும் வருது."

உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப யுனிவர்சிட்டி இருக்கே, அது அப்ப வெள்ளைக்காரன் கேம்ப்பு. அப்பா அங்க கூட்டுற வேலை. காலி பண்ணிட்டுப் போறப்ப ஒருத்தன் இந்தப் பையைக் குடுத்தான். அப்புறம் எங்க வேலைக்குப் போனாலும் இதுலதான் சோறு. சைக்கிள் சங்கிலியில மாட்டிக் கிழிஞ்சிடுச்சு. அம்மா தைக்கறேன்னுச்சு, குடுக்கலையே. குசினி வாசல்ல உக்காந்து தைச்சாரு. விரல்ல குத்தி அத்தனை கெட்ட வார்த்தை." லேசாகச் சிரித்தார். "அவருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஐ.சி. அட்டையில ஒட்டுன போட்டோ ஒண்ணு இருக்கு. அவரு கையால செஞ்சதுன்னு இது ஒண்ணுதான்."

மங்கல் கண்ணை நம்பாமல் கட்டைவிரலால் கிழிசலின் ஓரத்தைத் தடவினார். தடித்த ஊசி போட்ட ஓட்டைகள் பெரிதும் சிறிதுமாக அப்படியே இருந்தன. ஓர் இடத்தில் மூன்று ஓட்டைகள் நெருக்கமாக. அங்கே விரல் நின்றது.

"இங்கதான் குத்திக்கிட்டாரு போல."

பாய் மெதுவாக, "அண்ணன் மறுபடி நல்லா மூடிக் குடுத்துருவாரு..." என்றார்.

"நல்லாத் தைச்சது போதும் பாய். இப்படியே வைங்க."

துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு குடையை விரித்தார். 

பை இப்போது அலமாரியின் நடுவில் இருக்கிறது. மூலைகள் எல்லாம் நிமிர்ந்து, ஒன்று மட்டும் வாய் பிளந்து. வெள்ளிக்கிழமைகளில் அங்கே சாப்பிடப் போகிறேன். போன வாரம் பக்கத்து மேசையில் ஒருவர், "என்னா பாய், இத மட்டும் தைக்காம விட்டுட்டீங்க? வேலை செஞ்சவன் தூங்கிட்டானா?" என்று கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "முழிச்சுட்டுதான் இருந்தேன்," என்றேன். அந்த மனிதருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.