கன்னி மூலைச் சுவர்

எங்கள் மனையில் எதை வைத்தாலும் உருளும். சமையலறை வாசலில் ஒரு தக்காளி கை தவறி விழுந்தால் குனிந்து எடுக்க முடியாது, பின்னாலேயே ஓட வேண்டும். லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த மனை அது. சாலைப் பக்கம் உயரம். அங்கே எங்கள் சின்ன ஓட்டு வீடு. அங்கிருந்து சரிந்துகொண்டே போய்ப் பின்புறம் மழைத் தண்ணீர் அறுத்த ஓர் ஓடையில் முடியும். அந்த ஓடைப் பக்கம்தான் தென்மேற்கு, அதாவது கன்னி மூலை. உயரமாக இருக்க வேண்டிய மூலை பள்ளத்தில் கிடந்ததால் விவரம் தெரிந்தவர்கள் யாரும் அந்த மனையைச் சீண்டவில்லை. அதனால்தான் அது எங்கள் கைக்கு வந்தது.

நான் பயந்த சுபாவம். பயப்பட ஒன்றும் இல்லாவிட்டால், ஏன் ஒன்றும் இல்லை என்று அதற்கும் பயப்படுவாள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு அப்படி எதுவும் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சர்க்கார் வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை கற்றவர். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் கொஞ்ச காலம் அங்கேயே இருந்தார். புதிதாக வந்த மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தவர், வேலையை விட்டுவிட்டேன், இனிமேல் நம் வீட்டிலேயே ஓர் அத்தெலியே போடப் போகிறேன் என்றார். பட்டறை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, பிரெஞ்சில் அத்தெலியே என்றுதான் சொல்வார். நானும் அக்கம்பக்கத்தாரும் கராஜ் என்று சொல்லித் தீர்த்துக்கொண்டோம்.

முதலில் கராஜும் இல்லை ஒன்றும் இல்லை. வீட்டுப் பக்கவாட்டில் சரிவிலேயே காரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே கல்லை முட்டுக் கொடுத்து, பாயை விரித்து அடியில் படுத்து வேலை செய்வார். நான் அரிசி களைந்துகொண்டே அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த நேரம் கல் நழுவியது. கார் தன்பாட்டுக்கு இறங்கிப் போய், ஓடைக்கு முன்னால் ஒரு முந்திரி மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் படுத்திருந்த பாயின் மேல் சக்கரத் தடம் இருந்தது. அவர் சிரித்தார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாளே, எப்படியாவது சமதளத்தில் ஒரு கொட்டகை போடுங்கள் என்று நானே பிடிவாதம் பிடித்தேன்.

சமதளத்துக்கு எங்கே போவது? ஓடைப் பக்கம் ஓர் ஆளுக்கு மேல் உயரமாகக் கருங்கல் சுவர் எழுப்புவது, மேல்பக்கத்து மண்ணை வெட்டி அதற்குப் பின்னால் கொட்டி நிரப்புவது, அதன்மேல் கராஜைக் கட்டுவது என்று முடிவாயிற்று. மூலக்குளத்திலிருந்து வந்த என் நாத்தனாருக்கு இதில் ஏகத் திருப்தி. கன்னி மூலையும் உயர்ந்துவிடும், அதன்மேல் இரும்புச் சாமானெல்லாம் வைத்தால் பாரமும் ஏறிவிடும், மனையின் தோஷமே போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுவர் இடுப்பளவு வந்திருந்தபோது எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. இதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. அதனால் சந்தோஷப்படக்கூடத் தைரியம் வரவில்லை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது கட்டட வேலை கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாதிச் சுவரை அப்படியே விட்டாலோ ஐப்பசி மழையில் மண்ணோடு போய்விடும். ஊருக்குத் தெரிவதற்குள் முடித்துவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். நாத்தனாருக்கு மட்டும் சொன்னோம். அவள் அன்றைக்கே மறுபடி வந்து தம்பியைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போய் நெடுநேரம் பேசினாள். என்னிடம் வந்தபோது, அந்த மூலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகக் கூடாது, போனால் வீட்டில் காசு தங்காது என்று மட்டும் சொன்னாள்.

கொத்தனார் சுவரில் இடையிடையே தண்ணீர்ப் போக்குக்கு ஓட்டை விட்டுக்கொண்டு வந்திருந்தார். மறுநாள் என் வீட்டுக்காரர் அதையெல்லாம் அடைத்துவிடச் சொன்னார். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கொத்தனார் ஒருமுறை கேட்டார். கன்னி மூலை என்று இவர் சொன்னதும், ஆமாம், அதுவும் சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு நல்ல காரையாகக் குழைத்துத் தன் கையாலேயே அடைத்தார். எஞ்சின் எண்ணெய் வாசனையைத் தவிர வேறு தெய்வம் தெரியாத மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி உடும்புப்பிடியாக நிற்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காசு ஆசை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். மேலே தகரக் கூரை போட்டார்கள். கார்களுக்கு அடியில் நின்று வேலை செய்ய நெஞ்சளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டிச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். அந்தக் குழிக்கும் கருங்கல் சுவருக்கும் நடுவே ஐந்தாறு அடி மண்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. சக்கரத்துக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஓடைக்குள் இறங்கிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுப்பு பற்றவைக்கக் கை வரும். நான் வில்லியனூர்ப் பக்கத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். மடை திறக்காத வரப்பு மழையில் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் வேலையாக ஊரில் பெரிய பெயருள்ள ஒரு டாக்டரின் கார் வந்தது. இந்த ஒன்றை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் டவுனில் இருக்கும் கார்க்காரர்கள் எல்லோரும் நம்மிடம் வருவார்கள் என்று இவர் குதித்தார். எஞ்சினை இறக்கி, சக்கரங்களைக் கழற்றி, குழிக்கு மேலே கட்டைகளில் நிறுத்திவிட்டார். இனி அது நகராது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழை வானத்தைப் பொத்துக்கொண்டு ஊற்றியது. இரண்டாம் நாள் கராஜின் தரை நசநசவென்று ஆனது. மூன்றாம் நாள் குழிக்குள் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. அவர் வாளியில் மொண்டு வெளியே ஊற்றுவார், கொஞ்சம் வேலை செய்வார், மறுபடி மொண்டு ஊற்றுவார். டாக்டர் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். சுவர் நடுவில் வெளியே தள்ளியிருந்தது. என் வயிறு அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தச் சுவருக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

மேலே ஏறி வந்து கராஜுக்குள் பார்த்தேன். குழிக்கும் சுவருக்கும் நடுவே, சுவரை ஒட்டினாற்போல் நீளமாகத் தரை வெடித்திருந்தது. வெடிப்பில் என் சுண்டுவிரல் முழுதும் போயிற்று. அவர் குழிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மேலே பார்த்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சுவரு தள்ளிக்கினு வருது. கீழ ரெண்டு கல்ல எடுத்துவுட்டா தண்ணி போய்டும்" என்றேன்.

"கன்னி மூலயில கை வெக்கக் கூடாது."

"அப்ப நீங்களாவது மேல வாங்க."

"டாக்டரு வண்டிய யாரு முடிப்பா? போ, போய்ப் படு. மழையில நிக்காத."

கெஞ்சினேன். திட்டினேன். அழுதும் பார்த்தேன். அவர் மறுபடி தலையைத் தூக்கி வேலையில் இறங்கிவிட்டார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காசு தங்க வேண்டுமாம் காசு. இந்த மனுஷனே மண்ணுக்குள் போய்விட்டால் காசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். அந்தச் சுவர் என் மேலேயே விழலாம் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவே இல்லை. சிட்டுக்குருவி சத்தத்துக்கே திடுக்கிடுகிறவள் நான். பயம் அளவுக்கு மீறிப் போனால் மரத்துவிடும் போலிருக்கிறது.

அடியில், முழங்காலுக்குக் கீழே, கொத்தனார் அடைத்த இடம் தனியாகத் தெரிந்தது. உள்ளிருந்த ஈரத்தில் காரை இளகியிருந்தது. நான்கைந்து குத்திலேயே பெயர்ந்துவிட்டது. முதலில் கொஞ்சம் சேறு வழிந்தது. பிறகு உள்ளிருந்து ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டு செந்தண்ணீர் பீறிட்டு என் காலில் அடித்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன். அடுத்த ஓட்டைக்கு நகர்ந்து கடப்பாரையைத் தூக்கினேன்.

குத்துகிற சத்தம் அவருக்குக் குழிக்குள் கேட்டிருக்க வேண்டும். சரிவில் வழுக்கிக்கொண்டே ஓடி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. என் தோளைப் பிடித்து இழுத்து, சுவரைவிட்டுத் தூரமாகக் கரையில் நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். காசு போனால் போகட்டும், எனக்கு வேண்டாம் என்று கத்தினேன்.

"காசா? யாருடி காசக் கேட்டா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "அந்த மூலயில தண்ணி போனா வூட்டுப் பொம்பளைக்கு ஆவாது, பெத்துப் பொழைக்க மாட்டான்னு அக்கா சொல்லிச்சு. ஒனக்காவத்தான் அடச்சேன்."

மழை இருவர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டையிலிருந்து தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அதுக்கு நீங்க சாவணுமா?" என்று கடைசியில் கேட்டேன்.

அவர் ஓட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். நீ இங்கேயே நில் என்று சொல்லிவிட்டுப் போய், மீதி ஓட்டைகளை ஒவ்வொன்றாக அவரே உடைத்தார். ஒவ்வொரு ஓட்டையை உடைத்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

சுவர் விழவில்லை. தள்ளின வயிறு அப்படியே நின்றுவிட்டது. வெயில் வந்த பிறகு கொத்தனார் ஓடைப் பக்கம் கல்லால் முட்டுக் கட்டிக் கொடுத்தார். டாக்டரின் கார் நாள் தவறித்தான் போனது, ஆனால் நன்றாகப் போனது. அவர் சொல்லி வேறு கார்களும் வந்தன. இதெல்லாம் வெளியில் தெரிந்த கதை.

வீட்டுக்குள் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தோம். கடப்பாரையைத் தூக்கிய தைரியம் எனக்கு அன்றோடு போய்விட்டது. கார்த்திகையில் தூறல் போட்டாலும், அந்த ஓட்டைகளில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் கை தானாக வயிற்றுக்குப் போகும். பிள்ளை அசைகிற வரை மூச்சே விட மாட்டேன். நாத்தனார் சொன்னது பலித்துவிட்டால், இதை நானேதான் செய்துகொண்டேன் என்றாகிவிடுமே என்று குமைந்தேன். அவரோ நான் குடத்தைத் தொட்டால் ஓடி வருவார், தும்மினால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். ஓட்டையை மறுபடி அடைத்துவிடலாமா என்று ஒருநாள் நானே கேட்டேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மாசி மாதத்தில் ஒருநாள் விடிந்ததும் வலி எடுத்தது. அன்றைக்குக் கராஜில் நின்றது யாருடைய காரோ, அதில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் பெண் பிறந்தது. அங்கே பிரசவம் பார்த்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி பிறகு என்னிடம் வந்து சிரித்தாள். வெளியே போய்ப் பெண் குழந்தை என்று இவரிடம் சொன்னாளாம். அவ எப்படி இருக்கா என்று கேட்டாராம். குழந்தை நன்றாக இருக்கிறது என்றாளாம். இவளுக்குத் தமிழ் சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அதையே பிரெஞ்சில் திருப்பிக் கேட்டாராம்.

உள்ளே வந்தபோது சட்டையில் எண்ணெய்க் கறை, கண்ணெல்லாம் சிவப்பு. கட்டில் பக்கத்தில் நின்று என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அக்கா சொன்னதுக்கு ரொம்பப் பயந்துட்டீங்களா என்று கேட்டேன்.

"அது எப்பவோ போச்சு" என்றார். "நீ அந்தச் சுவத்துக்குக் கீழ நின்ன பாரு, அதுதான். தெனம் கனவுல அது ஒம்மேல வுழுது. நான் வரதுக்குள்ள வுழுந்துடுது."

எனக்கு அழுகை வந்தது. பிள்ளையைத் துணியோடு எடுத்து அவரிடம் நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.