அடைக்கப் போன மண்வெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் அப்பா ஒரு தப்பு செய்துவிட்டார். எதிரியின் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்துவிட்டார்.

எதிரி என்பது பெரிய வார்த்தைதான். ஆனால் நம் மேல் கேஸ் போட்டிருப்பவரை வேறு எப்படிச் சொல்வது?

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் அப்பாவைத் தெரியும். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். தெரியாத ஒரு கதையைச் சொல்கிறேன். என் தாத்தா, மேலத்தெருக்காரர்களின் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். பிறகு அதே நிலத்தில் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்தார். குத்தகைதாரரை நினைத்தபோது எழுப்பிவிட முடியாது என்று சட்டம் இருந்தது; கழக ஆட்சியில் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யவும் சட்டம் வந்தது. தாத்தாவின் பெயரும் பதிவில் ஏறியது. அந்த நிலத்தில்தான் இன்றைக்கும் அப்பா சம்பா நடுகிறார். தஞ்சாவூர் காலேஜ் வரைக்கும் என்னை அனுப்பியது அந்த நெல்தான்.

இப்போது நிலத்துக்காரரின் மகன் ராமலிங்கம், நாங்கள் குத்தகைதாரர்களே இல்லை என்கிறார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பெருமையாகத்தான் உட்கார்ந்து வாசித்தேன் – ஒரு வரி வரும் வரைக்கும். அப்பாவை 'அத்துமீறி நுழைந்து பயிர் செய்பவர்' என்று எழுதியிருந்தார்கள்.

"அத்துமீறின்னா என்னம்மா?" என்று கேட்டார் அப்பா.

சொன்னேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும், படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்பா கத்தவில்லை. "இனிமே நம்ம வயல் வழியா அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி போவாது" என்றார். அவ்வளவுதான். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

டெல்டா பக்கம் வராதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊரில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிறைந்ததும், வரப்பில் மண்வெட்டி அகலத்துக்கு ஒரு மடையைத் திறந்தால் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும். உன் வயல் நிறைந்ததா? கீழே திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இது யாரும் எழுதி வைக்காத வழக்கம். எங்கள் வயலுக்குக் கீழ் வயல், ராமலிங்கம் தானே பயிர் வைக்கும் வயல்.

இந்த வருஷம் ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். இந்த முறையைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் நிச்சயமில்லை. ராமலிங்கத்தின் வயலில் நட்ட பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. தண்ணீர் பாயாவிட்டால் வேர் ஊன்றாமலே கருகிவிடும். அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

ஞாயிறு காலை. அப்பா வயலிலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோற்றைப் போட்டபடியே, மடையைக் கெட்டியாக அடைத்தாயிற்றா என்று விசாரித்தார்.

சோற்றுக்குப் போன அப்பாவின் கை அப்படியே நின்றது.

"தெறந்து உட்டுட்டு வந்துட்டேன்."

"எதை?"

"மடையத்தான்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாருக்கு. வக்கீல் நோட்டீசுக்கு இதாங்க பதிலு?"

நடந்தது இவ்வளவுதான். வயல் நிறைந்திருக்கிறது. குனிந்திருக்கிறார், திறந்திருக்கிறார், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கோபமெல்லாம் மனசில் இருந்திருக்கிறது. கைக்கு யாரும் சொல்லவில்லை...

அப்பா இலையை விட்டு எழுந்து மண்வெட்டியை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் பக்கம் மடைத் தகராறில் மண்டை உடைந்த கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

வரப்பில் ராமலிங்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் மண்வெட்டி. அப்பா சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது. வரப்பை வெட்டியாவது தண்ணீர் எடுப்பது என்று கிளம்பி வந்திருக்கிறார். வந்த இடத்தில் வெட்ட ஒன்றும் இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யாரு தெறந்தது?" என்றார். அப்பாவைவிட வயதில் இளையவர்.

"நாந்தாங்க."

"அடைச்சிருவேன்னு சொன்னியாமே."

"மறந்துட்டேங்க. அடைக்கத்தான் இப்ப வந்தேன்."

இப்படி ஒரு நேர்மை தேவையா? ராமலிங்கம் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. கீழ் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பயிரு மஞ்சளிச்சுப் போச்சே..." என்றார். அவரிடம் சொன்ன மாதிரியும் இல்லை, என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

பிறகு மண்வெட்டியை ஓங்கினார். மடையில் புல்லும் சேறும் சேர்ந்து தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தது. அதை வாரி வெளியே போட்டார். இன்னொரு வெட்டு. மடை அகலமானது. தண்ணீர் சத்தத்தோடு கீழே இறங்கியது.

முதலில் திறந்தது பழக்கம். இரண்டாவது தெரிந்தே செய்தது. முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்குமா? இந்த வாரம் முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் ஆபீஸில் ஒரு தோழி இருக்கிறாள். தினமும் சாயங்காலம் அவள் போனில் ஒரு ரிமைண்டர் அடிக்கும் – 'இன்று யாருக்காவது நல்லது செய்.' உடனே யார் கையிலாவது ஒரு சாக்லேட்டைத் திணிப்பாள். நான் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். இனிமேல் செய்யமாட்டேன். பழக்கம் எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும்? ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. சாக்லேட்டை அவளுக்குப் பிடித்தவர்களாகப் பார்த்துக் கொடுக்கலாம். மடைக்கு அந்த வசதி இல்லை. கீழ் வயல்காரர் யார் என்பதை நாம் முடிவு செய்வதில்லை.

மனசு வரும்போது நல்லது செய்வது எல்லோராலும் முடியும். மனசு வராத நாளுக்குத்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு என் அப்பாவை ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். கேஸ் கேஸாகத்தான் நடக்கிறது. ராமலிங்கமும் வாபஸ் வாங்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு, தாத்தா பெயர் ஏறிய பதிவின் நகலோடு நானும் அப்பாவும் கோர்ட்டுக்குப் போகிறோம். ஒரு குழி நிலம்கூட விட்டுத்தரமாட்டோம். தண்ணீர் விட்டதால் நிலத்தையும் விட்டதாக ஆகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு மடையை அகலமாக்கிய கையோடு அப்பா வாய்க்கால் தலைப்பைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அதே வரப்பில் நடந்தார். எதிரே ராமலிங்கம். ஓர் ஆள் நடக்கிற வரப்பு. யாராவது ஒருவர் சேற்றில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். மேலத்தெருக்காரர் எதிரே வந்தால் இறங்குவது எப்போதும் எங்கள் ஆட்கள்தான். அதுவும் யாரும் எழுதி வைக்காத வழக்கம்தான். அப்பா இறங்குவதற்குக் காலை எடுத்தார்.

அதற்குள் ராமலிங்கம் இறங்கினார். "போ" என்றார்.

ஒரு காலை மட்டும்தான் சேற்றில் வைத்தார். இன்னொரு கால் இன்னும் வரப்பின் மேலேதான் இருக்கிறது.