சபூரா மிஸ்ஸின் மூன்று மயில்கள்

சபூரா மிஸ் காலமான செய்தி வந்தபோது நான் நெல் விவசாயிகளான எங்கள் கமக்காரர் அமைப்பின் அலுவலகத்தில் இருந்தேன். மேசையில் இந்தப் போகத்துக்கான மயில் படிவங்கள் கிடந்தன. அவருடைய மகன் ரிஸ்வான் தொலைபேசியில், "அண்ணன், உம்மா சுபஹோட மௌத்தாகிட்டா. அஸருக்குப் பிறகு அடக்கம்" என்றார். படிவங்களை அப்படியே விட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் நீங்கள் எங்கள் அமைப்பின் அங்கத்தவர்கள். முப்பது வருடம் தபால் கந்தோர்களில் வேலை செய்து, அதனாலேயே எல்லோருக்கும் 'மிஸ்' ஆகி, ஓய்வுபெற்று, வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயலைத் தானே நின்று செய்தவர் அவர். கடித உறையைப் பிரிக்காமலே, கையெழுத்தைப் பார்த்தே எழுதியவர் யாரென்று சொல்லிவிடுவார் என்று நாம் அவரைக் கேலி செய்வதுண்டு. அவரும் சிரிப்பார். அந்தத் திறமை எனக்கு எதிராகத் திரும்பும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

மயில் கதை உங்களுக்குத் தெரியும். கதிர் முற்றும் நேரம் கூட்டமாக இறங்கினால் ஒரு காலையில் ஒரு வரவை வயலையே முடித்துவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு போகத்தில், பயிரைக் காக்கச் சுடலாம் என்று நாற்பது பேருக்கு அரசாங்க அனுமதிப் படிவம் கிடைத்தது. படிவத்தின் கீழ்ப்பாதியில், போக முடிவில், சுட்ட பறவைகளின் எண்ணிக்கையை எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் வெறும் தாளில் கையொப்பம் வைத்து என்னிடம் தந்தீர்கள். செயலாளரான நான் ஒவ்வொன்றிலும் "இல்லை" என்று எழுதினேன். ஆளுக்காள் கேட்டு எழுதினால் கரைச்சல் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அதை யாரும் வேலையென்றே எண்ணவில்லை.

மிஸ் மட்டும் தாளைத் தானே நிரப்பிக் கொண்டுவந்தார். சுட்டது அவருடைய தம்பி. அனுமதி மிஸ்ஸின் பெயரில். "மயில் மூன்று. இன்னொன்று காயத்தோடு பறந்தது. தேடினோம், கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது.

"மிஸ், இல்லை எண்டு போட்டா ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லையே" என்றேன்.

"தம்பி, மூண்டும் வரம்புல கிடந்தத நான் என்ட கண்ணால பாத்த. எப்படி இல்ல எண்டு எழுதுற?"

"மற்ற ஆக்கள் எல்லாம் எழுதினவை."

"இல்ல எண்டா மயிலும் இல்ல, சேதமும் இல்ல எண்டுதானே அர்த்தம்? பிறகு எதுக்கு நமக்குத் துவக்கு?"

அந்தத் தாளை மற்றவற்றுக்கு அடியில் வைத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் தொடங்கினார். எங்கள் பிரிவில் மொத்தம் எத்தனை பறவைகள் சுடப்பட்டன, அந்த எண்ணை ஏன் விளம்பரப் பலகையில் போடுவதில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். பதில் இல்லை. மேன்முறையீடு செய்தார். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டுத் துண்டுகளைப் பிஸ்கட் பேணி ஒன்றில் சேர்த்து வைத்தார். சந்தை நாளில் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்த எண்ணை வெளியிடச் சொல்லும் மனுவுக்குக் கையொப்பம் கேட்டார். கொழும்பிலிருந்து பறவை ஆர்வலர்கள் வந்து, சுடுவதையே தடை செய்யச் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம் என்றார்கள். "ஒரு நாள் விடியக்காலம் என்ட வயலுக்குள்ள வந்து நிண்டு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். கமக்காரர் சிலர், துவக்கைப் பறிக்க வழி செய்கிறாள் என்று ஏசினார்கள். "சுடாதீங்க எண்டு நான் சொல்லல்ல. சுட்டதச் சொல்லுங்க. எத்தன எண்டு தெரிஞ்சாத்தான் போதுமா, இன்னும் வேணுமா எண்டு கதைக்கலாம்" என்பார். இரண்டு பக்கமும் அவரை விட்டுப் போனது. தன் வீட்டு வாசல் படலையில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, "இந்தப் போகம் என் வயலில் மயில் 3" என்று தானே எழுதினார்.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துப் பதில் வந்தது. கிடைத்த படிவங்களின்படி, பிரிவு முழுவதிலும் சுடப்பட்ட மயில்களின் தொகை: மூன்று.

வாசித்ததும் நான் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தச் சிரிப்பு ஒரு கிழமை கூட நீடிக்கவில்லை. பிரிவில் மயில் கொன்றவர் ஒரேயொருவர், அவரும் ஒரு முஸ்லிம் பெண் என்ற கதை நகரம் வரை போய்விட்டது. அன்புவழிபுரத்தில், என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே, "முருகன்ர வாகனத்தைச் சுட்டவளாம், அதைப் படலையில வேற எழுதி வச்சிருக்கிறாளாம்" என்று ஒருவர் சொன்னார். நான் பாண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் அந்தப் பலகையில் யாரோ கரியால் "கொலைகாரி" என்று எழுதியிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அமைப்பின் கூட்டம் கூடியது. இரு சமூகத்தவரும் சேர்ந்து வயல் செய்யும் இடம் எங்களுடையது. ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்று யாராவது ஒருவர் எழுந்து, "நானும் சுட்டனான்" என்று சொல்லியிருந்தால் போதும். மிஸ் எழுந்து, "வேற ஆரும் சொல்றதுக்கு இருக்கா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் வரவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது என் பக்கத்தில் வந்து ஒரு கடித உறையைத் தந்தார். உள்ளே பதிலோடு வந்த நாற்பது படிவங்களின் பிரதி இருந்தது.

"முப்பத்தொன்பது பேர்ட 'இல்ல'யும் ஒரே கையெழுத்து. ஆர்ட கை எண்டு எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

"அப்ப ஏன் மிஸ் உள்ளுக்கச் சொல்லயில்லை?"

"மத்தவன்ட பேரச் சொல்றதுக்கா நான் இவ்வளவு அலைஞ்ச? அவங்கவங்கதான் சொல்லணும். இத நீங்க வச்சுக்கங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். மிகுந்த களைப்போடு சொன்னார். அந்தக் கரியெழுத்தை அவர் கடைசிவரை அழிக்கவில்லை. இலக்கம் மட்டும் மங்கும்போதெல்லாம் அதன்மேல் வண்ணம் தீட்டினார். கதை மெல்ல அடங்கியது, அவர் சந்தைக்குக் கதிரை கொண்டுவருவதும் நின்றது. நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். மையவாடி மதிலுக்கு வெளியே, கையில் இன்னும் மண் ஒட்டியிருந்த ஒருவர், "நல்ல மனுசி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செயலாளர், இந்தமுறை மயில் ஃபோம் வழமை போலத்தானே?" என்று கேட்டார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். மிஸ்ஸிடமிருந்து அவ்வளவாவது படித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியில் கிடந்த உறையை எடுத்தேன். அதில் என் பெயருக்குரிய படிவமும் இருக்கிறது. அந்தப் போகத்தில் நான் சுட்ட மயில்கள் பதினொன்று. அதே வருடம் கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவனும் நான்தான். "இல்லை" என்பதை வெட்டிப் பதினொன்று என்று எழுதி, இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பினேன். இனி என் படலையிலும் கரியால் எழுதுவார்கள், இந்தப் பதவியும் போகும். பஸ்ஸில் வந்த பயம் இதுதான். இதை அவர் உயிரோடு இருக்கும்போது செய்யத் துணியாதவன் நான். அது எனக்கு ஆறாது.

தபால் கந்தோரில் தந்த துண்டும் அந்த உறையும்தான் அவருடைய நினைவாக என்னிடம் இருக்கின்றன. உறைக்குள் இன்னும் முப்பத்தெட்டு "இல்லை"கள் என் கையெழுத்தில் இருக்கின்றன. அவற்றை என்னால் திருத்த முடியாது, அவரவர்தான் திருத்த வேண்டும். நம் அமைப்பின் அலுவலகம் நாளை காலை எட்டு மணிக்குத் திறந்திருக்கும். மேசையில் பேனை வைத்திருக்கிறேன்.