பாக்கியநாதன் கைப்பேசியில் மட்டும்

பல் விளக்கியதும் பாக்கியநாதன் கைப்பேசியை எடுத்து, "கும்மிடிப்பூண்டி மோட்டார் காயில்" என்று உரக்கச் சொல்லித் தேடுகிறார். முதலில் வருவது அவர் கடைதான். திரையை மனைவி செண்பகத்தின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "பாத்தியா மே, இன்னிக்கும் நம்மதான் பஸ்ட்டு." அதற்குப் பிறகுதான் நாஷ்டா.

எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றுவது அவர் தொழில். சுற்றும்போது யார் கூப்பிட்டாலும் பதில் வராது; சுற்றுகளை எண்ணும் உதடு மட்டும் அசையும். வார்னிஷில் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் அவரை ஆளாகவே மதிப்பதில்லை.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்னும் குறைந்தால் கடையை மூடிவிட்டுத் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக நிற்க வேண்டியதுதான். "ஊர்ல மோட்டாரு எரியறதே நின்னுபோச்சு போல" என்கிறார்.

காரணம் செண்பகத்துக்குத் தெரியும். தான் வேலைக்குப் போகும் தேர்வாய் கண்டிகை கம்பெனிப் பேருந்தில் தோழி சோனியாவின் கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். மேலே வரிசையாக, மோட்டார் வேலை பிடித்துக் கொடுக்கும் சென்னைத் தரகர்களின் விளம்பரங்கள். கணவரின் கடை எங்கோ அடியில். அவர் தினமும் தேடியதையே அவருடைய கைப்பேசி அவருக்கு முதலில் காட்டியிருக்கிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் வழிகாட்டும் பலகையை ஒரே நிறுவனம் கையில் வைத்துக்கொண்டு, காசு கொடுத்தவன் பெயரை உச்சியில் எழுதுகிறது. இதைப் போட்டி என்று சொல்ல நா கூச வேண்டும்.

அன்றிலிருந்து, வீடு திரும்பும் பேருந்தில் பெண்கள் எல்லோரும் விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, பாக்கியநாதன் கடை மேலே ஏறட்டும் என்று அதைத் தேடிப்பிடித்துத் தொடுகிறார்கள். செண்பகத்தின் ஏற்பாடு. அவரிடம் மூச்சு விடவில்லை.

போன வாரம் விளம்பர ஏஜெண்டு ஒருவன் கடைக்கு வந்தான். மாதாமாதம் பணம் கட்டினால் அவரை மேலே கொண்டுவருவதாகச் சொன்னான். "நான் மேலதான கீறேன் நைனா, எதுக்கு டப்பு?" என்று சிரித்தார். அவன் தன் கைப்பேசியில் தேடிக் காட்டினான்.

சாயங்காலம் செண்பகம் கடைக்குள் நுழைந்ததும் கேட்டார்: "உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் பேருந்துக் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள்.

"பஸ்ஸு மொத்தமும் என்னியத்தான் தேடிக்கினு வருதா?"

"பின்ன? டிரைவரண்ணன்கூட தேடுறாரு. வண்டிய ஓரங்கட்டிட்டு."

பாக்கியநாதன் மறுநாள் கொடுக்க வேண்டிய மோட்டாரைப் புரட்டி, சிவப்பு எனாமலில் தூரிகையைத் தோய்த்து, அதன் முதுகில் தன் தொலைபேசி எண்ணைப் பெரிது பெரிதாக எழுதத் தொடங்கினார். மோட்டார் உருளாமல் செண்பகம் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.